கடைசி வரிசைக்கு மைக் வரட்டும்

2019 கோடையில் எங்கள் ஊர் வாசகர் வட்டம் ஒன்று கருந்துளை பற்றிக் கூட்டம் போட்டது. அந்த ஏப்ரல் 10-ஆம் தேதி வெளியாகி, மறுநாள் பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் வந்த கருந்துளையின் ஆரஞ்சு வளையப் படம் பலருக்கும் நினைவிருக்கும். அதைத் திரையில் காட்டி, கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் நாற்பது நிமிடம் பேசினார். மின்விசிறி ஓடினால் மைக் கேட்காது என்று நிறுத்திவிட்டார்கள். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஆனாலும் யாரும் எழுந்து போகவில்லை. எம்87 என்ற அந்த விண்மீன் மண்டலம் ஐந்தரைக் கோடி ஒளியாண்டு தள்ளி இருக்கிறது, அதன் நடுவில் உட்கார்ந்திருக்கும் பூதத்தின் நிறை நம் சூரியனைப் போல 650 கோடி மடங்கு என்று அவர் சொன்னபோது, கடைசி வரிசையில் என் பக்கத்தில் இருந்த இட்லிக் கடைக்காரர் "அடேயப்பா" என்றார். நானும் மனதுக்குள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கருந்துளையைச் சுற்றி இருப்பது உண்மையிலேயே ஆரஞ்சு நிறம்தானா? அழைப்பிதழின் பின்பக்கத்தில் அதை எழுதி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பேச்சுக்கு முன்னால் வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை வகித்த மூன்று பேரின் வாழ்த்துரை எல்லாம் முடிந்திருந்தன. பேச்சுக்குப் பின்னால் பொன்னாடை, நினைவுப் பரிசு, புகைப்படம். நன்றியுரை சொல்ல வந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நேரமின்மை காரணமாகக் கேள்விகளைத் தவிர்த்துக்கொள்ளலாம். ஐயம் உள்ளவர்கள் ஐயாவை நேரில் சந்தித்துக் கேட்டுக்கொள்ளலாம்." ஐயாவுக்கு ஒன்பது மணி பஸ். நான் படியிறங்கி வருவதற்குள் அவர் ஆட்டோவில் ஏறிவிட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க எனக்கு ஏழெட்டு மாதம் ஆயிற்று. நிறம் மனிதர்கள் தேர்ந்தெடுத்தது. அந்தப் படத்துக்காகத் தொலைநோக்கிகள் பிடித்தது 1.3 மில்லிமீட்டர் அலைநீளமுள்ள ரேடியோ அலைகளை. கண்ணுக்குத் தெரியாத அலைக்கு ஏது நிறம்? எங்கே அலை வலுவாக வந்தது, எங்கே வலுவிழந்தது என்பதைக் காட்ட ஒரு வண்ணம் வேண்டும். ஆரஞ்சைப் பூசினார்கள். இது தெரிந்ததும் என் வியப்பு குறையவில்லை, கூடியது. 2017 ஏப்ரலில் பூமியின் ஆறு இடங்களில் இருந்த எட்டுத் தொலைநோக்கிகள் சேர்ந்து அளந்திருக்கின்றன. தரவு இணையத்தில் அனுப்ப முடியாத அளவுக்குப் பெரிது. வன்தட்டுகளைப் பெட்டியில் அடுக்கி விமானத்தில் ஏற்றினார்கள். தென் துருவத்துத் தட்டுகள் மட்டும் அங்கே குளிர்காலம் முடிந்து விமானம் இறங்கும்வரை மாதக்கணக்கில் காத்துக் கிடந்தன. ஒரே ஒரு கேள்விக்கு அன்று இடம் கொடுத்திருந்தால் இந்தக் கதை முழுவதும் அந்த மாடியிலேயே வெளியே வந்திருக்கும். இட்லிக் கடைக்காரரும் கேட்டிருப்பார்.

இதையெல்லாம் எழுத நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்போடு அறிவியல் முடிந்தது. பிறகு வணிகவியல். முப்பது வருடம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதினேன். ஓய்வுக்குப் பிறகு காலை நடைக்குக் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு போவது பழக்கம். பாட்டு அலுத்துப்போய்ப் பேச்சுக்கு வந்தேன். பேச்சில் அறிவியலுக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டேன். 1959-இல் கேம்பிரிட்ஜில் சி.பி. ஸ்னோ ஒரு புகழ்பெற்ற உரை நிகழ்த்தினார். இலக்கியம் படித்தவர்களும் அறிவியல் படித்தவர்களும் இரண்டு கரைகளில் நிற்கிறார்கள், ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியவில்லை என்பது அவர் வருத்தம். படித்த கனவான்களிடம் வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி என்ன என்று கேட்டால் விழிக்கிறார்கள் என்றார். டபராவில் ஆறிப்போன காபி தானாகச் சூடேறாது என்பதுதான் அந்த விதி என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஸ்னோ சொன்ன இரண்டு கரையிலும் நான் இல்லை. பேரேட்டுக்கும் ரொக்கப் புத்தகத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தவன். எனக்குத் தெரிந்த ஒரே தத்துவம், வவுச்சர் இல்லாத செலவைக் கணக்கில் ஏற்றக் கூடாது.

இந்தத் தத்துவத்தைக் கையில் வைத்துக்கொண்டு அறிவியல் பேச்சுகளைக் கேட்டால் வேடிக்கையாக இருக்கும். எல்லாரும் ஒரே மாதிரி நம்பிக்கையோடுதான் பேசுகிறார்கள். வவுச்சர் உள்ளவரும் அப்படித்தான், இல்லாதவரும் அப்படித்தான்.

'டெட்' பேச்சுகள் இப்போது நம் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்தவை. 1984-இல் கலிஃபோர்னியாவில் ஒரு மாநாடாகத் தொடங்கியது. 2006 ஜூனில் பேச்சுகளை இணையத்தில் இலவசமாகப் போட ஆரம்பித்தார்கள். அதன்பின் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. ஒருவருக்கு அதிகபட்சம் 18 நிமிடம். நம் ஊர்த் தலைமையுரைகளை நினைத்தால் அந்த ஒரு விதிக்காகவே அவர்களுக்குச் சால்வை போர்த்தலாம். சிவப்பு வட்டக் கம்பளம், கையில் குறிப்பு இல்லை, முதல் நிமிடத்தில் ஒரு நகைச்சுவை, பத்தாவது நிமிடத்தில் குரல் கம்மும் ஒரு சொந்தக் கதை, கடைசியில் கூட்டம் எழுந்து நின்று கைதட்டும். திரை இருட்டாகிவிடும். பெரும்பாலான பேச்சுகளில் ஒருவர்கூடக் கையைத் தூக்கி "ஐயா, ஒரு சந்தேகம்" என்று கேட்பதில்லை.

2012-இல் அந்த மேடையில் சமூக உளவியலாளர் ஏமி கட்டி பேசியது உலகிலேயே மிக அதிகம் பேர் பார்த்த பேச்சுகளில் ஒன்று. இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றி, நெஞ்சை நிமிர்த்தி, கால்களை அகட்டி இரண்டு நிமிடம் நின்றால் உடம்புக்குள் ஹார்மோன்கள் மாறும், தைரியம் வரும், நேர்காணலில் ஜெயிக்கலாம் என்பது சாரம். என் தங்கை மகள் வங்கி நேர்காணலுக்குப் போகும் அன்று காலையில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அப்படி நின்றாள். தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லையே என்று அவள் பாட்டி பயந்து கதவைத் தட்டினாள். "என்னடி பண்ற உள்ள?" "ஒன்னுமில்ல ஆச்சி, நின்னுட்டிருக்கேன்." வேலை கிடைத்தது. பேச்சை எனக்கு அனுப்பியதும் அவள்தான். நானும் நான்கு பேருக்கு அனுப்பினேன்.

அந்தப் பேச்சுக்கு அடிப்படை 2010-இல் வந்த ஓர் ஆய்வு. அதில் பங்கேற்றவர்கள் 42 பேர். 2015-இல் வேறொரு குழு 200 பேரை வைத்து அதையே செய்து பார்த்தது. நிமிர்ந்து நின்றவர்கள் மனத்தளவில் தைரியமாக உணர்ந்ததாகச் சொன்னார்கள். ஹார்மோன் மட்டும் அசையவே இல்லை. அடுத்த ஆண்டு, முதல் ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயராக இருந்த டேனா கார்னியே இந்த விளைவு உண்மை என்று தான் இனி நம்பவில்லை என்று வெளிப்படையாக எழுதிவிட்டார். கட்டி தன் கருத்தை முழுவதும் விட்டுக்கொடுக்கவில்லை. தைரியமாக உணர்கிறோம் என்ற பகுதி நிற்கிறது என்கிறார். அதில் நியாயமும் இருக்கிறது. என் வருத்தம் அவர்மேல் இல்லை. நல்ல நம்பிக்கையில் சொன்னார், பிறகு கணக்கு இடித்தது. அறிவியலில் இது அன்றாடம் நடப்பதுதான். அதே 2015-இல் உளவியலின் 100 ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்த பெரிய கூட்டு முயற்சியின் முடிவு வந்தது. முதலில் 97 சதவீத ஆய்வுகள் வெற்றி காட்டியிருந்தன. மறுபடி செய்தபோது 36 சதவீதம்தான் தேறின.

வருத்தம் என்மேல்தான். பேச்சை நான்கு பேருக்கு அனுப்பிய நான், திருத்தத்தை ஒருவருக்கும் அனுப்பவில்லை. பத்திரிகைகளைக் குறை சொல்வோமே, தலைப்புச் செய்தி முதல் பக்கத்தில், திருத்தம் உள்பக்க மூலையில் என்று, அதையேதான் நானும் செய்தேன். தங்கை மகளிடம் ஒருநாள் விஷயத்தைச் சொன்னபோது, "அதனால என்ன மாமா, வேல கெடச்சிருச்சுல்ல?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஸ்வீடன் மருத்துவர் ஹான்ஸ் ரோஸ்லிங் 2006-இல் 'டெட்' மேடையில் பேசியதை நான் கேட்ட விதம் வேறு. கரோலின்ஸ்கா நிலையத்தில் தன் மாணவர்களுக்கு அவர் ஒரு தேர்வு வைத்தார். ஐந்து ஜோடி நாடுகள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு நாட்டின் குழந்தை இறப்பு விகிதம் மற்றதைப் போல இரண்டு மடங்கு. எது என்று சொல்ல வேண்டும். இலங்கையா துருக்கியா, போலந்தா தென் கொரியாவா, மலேசியாவா ரஷ்யாவா, பாகிஸ்தானா வியட்நாமா, தாய்லாந்தா தென்னாப்பிரிக்காவா? அவர் விடை சொல்லும் முன் பேச்சை நிறுத்திவிட்டு, பேப்பர் ஓரத்தில் எழுதினேன். இலங்கை – துருக்கியில் யோசிக்கவே இல்லை. இலங்கை என்று எழுதினேன். இருபது வருடமாகச் சண்டைச் செய்தி படித்த மனது வேறு எதை எழுதும்? தப்பு. இரண்டு மடங்கு துருக்கியில்தான். என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. மாணவர்களின் சராசரி 1.8. சிம்பன்சிகளிடம் இரண்டு வாழைப்பழத்தில் நாட்டுப் பெயரை ஒட்டிக் கொடுத்தால் ஏதோ ஒன்றை எடுத்தே 2.5 வாங்கிவிடும் என்றார் ரோஸ்லிங். குரங்கைவிட அரை மதிப்பெண் குறைவு எனக்கு. அறியாமையால் விழுந்த குறை அல்ல அது, தெரியும் என்ற எண்ணத்தால் விழுந்தது.

இந்த மனிதர் 1972-இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் பொதுச் சுகாதாரம் படித்தவர். அங்கே இந்திய மாணவர்கள் தன்னைவிட நன்றாகப் படித்ததைப் பார்த்துத்தான் மேற்கு உசத்தி என்ற எண்ணம் தனக்குப் போயிற்று என்று பின்னால் எழுதினார். மேடையில் அவர் ஒரு வித்தைக்காரர். 2007-இல் சட்டையைக் கழற்றி, பேச்சின் முடிவில் நிஜ வாளையே விழுங்கிக் காட்டினார். ஆனால் வித்தைக்குப் பின்னால் இருந்த எண்கள் எல்லாம் எவரும் எடுத்துச் சரிபார்க்கக்கூடியவை, எந்த மூலையில் இருப்பவரும் அந்தக் குமிழிப் படங்களைத் திறந்து நகர்த்திப் பார்க்கலாம். எனக்கு ஒரு குறையும் உண்டு. அவர் படத்தில் நாடுகள் குமிழிகளாக மேலேறிப் போகும். குமிழியைத் தள்ளியவர்கள் தெரிய மாட்டார்கள். சைக்கிளில் ஐஸ் பெட்டியோடு தடுப்பூசி கொண்டுபோன கிராமச் செவிலியருக்கு அந்தத் திரையில் இடமில்லை. கேள்வி நேரம் இருந்திருந்தால் அதைத்தான் கேட்டிருப்பேன்.

ரோஸ்லிங்குக்கு அடுத்து என்னை ஆட்டிவைத்தவர் நம் ஆள், வி.எஸ். ராமச்சந்திரன். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவின் சான் டியாகோவில் மூளை ஆராய்ச்சியாளர் ஆனவர். கையை இழந்த சிலருக்கு இல்லாத கை இருப்பதாகவே தோன்றும். சிலருக்கு அந்த இல்லாத கை இறுக மூடி, நகம் உள்ளங்கையில் குத்துவதுபோல வலிக்கும். இருக்கிற கை என்றால் விரித்துவிடலாம்; இல்லாத கையை எப்படி விரிப்பது? ராமச்சந்திரன் ஓர் அட்டைப் பெட்டியின் நடுவே கண்ணாடியை நிறுத்தினார். இருக்கும் கையைக் கண்ணாடிக்கு முன் வைத்துப் பார்த்தால், பிம்பம் இழந்த கையின் இடத்தில் தெரியும். நல்ல கையை விரித்தால் இழந்த கையும் விரிவதுபோலக் கண் சொல்லும். சிலருக்கு அப்படியே வலி விட்டது. செலவு ஒரு முகக்கண்ணாடி. எல்லா நோயாளிகளுக்கும் அது பலிப்பதில்லை, எவ்வளவு பலன் என்பதில் பின்வந்த ஆய்வுகள் ஒத்துப்போவதுமில்லை.

ராமச்சந்திரன் ஒரு 'டெட்' பேச்சில் இதைச் சொல்லக் கேட்ட அன்று சாயங்காலம் நான் சவரக் கண்ணாடியை மேஜைமேல் நிறுத்தி, இரண்டு பக்கமும் இரண்டு கைகளை வைத்து, வலது கையை மட்டும் ஆட்டிக்கொண்டு பிம்பத்தைப் பார்த்தேன். அரை நிமிடத்தில் இடது கைக்குள் ஏதோ ஊர்ந்தது. ஆடாத கை ஆடுகிற மாதிரி. மயிர்க்கூச்செறிந்தது. என் மனைவி காபி கொண்டுவந்தவள், "கண்ணாடியில கையப் பாத்துக்கிட்டு என்ன பண்றீங்க?" என்றாள். அவளையும் உட்காரவைத்தேன். அவளுக்கும் ஊர்ந்தது. எங்கள் வீட்டில் அந்த அறிவியலுக்கு வவுச்சர் உண்டு.

அந்தப் பேச்சுக்கு இரண்டு ஆண்டு கழித்து, 2009-இல், அதே ராமச்சந்திரன் வேறு ஒரு பேச்சு பேசினார். கண்ணாடி நியூரான்கள் பற்றியது. இத்தாலியின் பார்மா நகரில் ரிட்சொலாட்டி குழுவினர் குரங்கின் மூளையில் கண்டுபிடித்த செல்கள் அவை. குரங்கு தானே கடலையை எடுத்தாலும், இன்னொருவர் எடுப்பதைப் பார்த்தாலும் அந்தச் செல் துடிக்கும். அதிலிருந்து ராமச்சந்திரன் தாவினார். மனிதன் ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றது, இரக்கம், பண்பாடு, நாகரிகம் எல்லாவற்றுக்கும் வேர் இங்கே இருக்கிறது என்றார். காந்தி நியூரான் என்று செல்லப் பெயரும் வைத்தார். அதே கணீர்க் குரல், அந்த 'ர'வை உருட்டுகிற அழகு, அதே குறும்பு. ஒரு வருடம் நான் பார்த்தவர்களிடமெல்லாம் காந்தி நியூரான் பற்றிப் பேசினேன். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில்கூட. பிறகுதான் தெரிந்தது, குரங்கின் செல்லிலிருந்து மனித நாகரிகத்துக்குப் போகும் அந்தப் பாலத்தில் பாதிப் பலகைகள் இல்லை என்று ஆராய்ச்சியாளர்களிலேயே ஒரு சாரார் வாதிடுகிறார்கள். 2014-இல் கிரெகரி ஹிக்கோக் அதை மறுத்து ஒரு புத்தகமே எழுதினார். ராமச்சந்திரன் சொன்னது பொய் என்று நான் சொல்லவில்லை, சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. தணிக்கை முடியாத கணக்கு. ஆனால் முடிந்த கணக்கையும் முடியாத கணக்கையும் அவர் ஒரே குரலில் படித்தார். குரலை வைத்து என்னைப் போன்றவன் வித்தியாசம் கண்டுபிடிக்க வழியே இல்லை.

கேட்கிறவர்கள் பக்கமும் கோளாறு உண்டு. 2015-இல் வான்கூவரில் பில் கேட்ஸ் 'டெட்' மேடையில் ஒரு பீப்பாயைத் தள்ளிக்கொண்டு வந்தார். சின்ன வயதில் அணுகுண்டுப் பயத்தில் எங்கள் வீட்டு நிலவறையில் இப்படி ஒன்று வைத்திருந்தோம், இனி ஒரு கோடிப் பேருக்கு மேல் ஏதாவது கொன்றால் அது குண்டாக இருக்காது, பெரும்பாலும் கிருமியாக இருக்கும் என்றார். எபோலா அப்போதுதான் மேற்கு ஆப்பிரிக்காவில் பத்தாயிரம் பேரை வாரிக்கொண்டு போயிருந்தது. ஐந்து வருடம் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2020-இல் திடீரென்று கோடிக்கணக்கானவர்கள் தேடிப் பார்த்தார்கள். என் நடைப்பயிற்சித் தோழர் ஒருவர், ஓய்வுபெற்ற தாசில்தார், பார்த்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "முன்னாடியே கரெக்டா சொல்லியிருக்கான்யா. அப்ப அவன்தான் பண்ணியிருக்கணும்." அவர் மட்டுமா? உலகமே அப்படிப் பேசியது. வாய்ப்பு இருக்கிறது, தயாராகுங்கள் என்று ஒருவர் சொன்னால் அதை நாம் ஜோசியமாகக் கேட்கிறோம். பலித்தால் சூனியக்காரன், பலிக்காவிட்டால் புளுகன். இரண்டும் இல்லாத ஓர் இடம் இருக்கிறது; வானிலை அறிக்கை அங்கேதான் இருக்கிறது, அதையும்தான் கேலி செய்கிறோம்.

2019 டிசம்பர் 26-ஆம் தேதி வளையச் சூரிய கிரகணம் கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல் வழியாகப் போயிற்று. எங்கள் ஊரும் அந்தப் பாதையில் இருந்தது. பக்கத்து வீட்டு அத்தை பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தினார். நின்றது. தெருவே திரண்டு வந்து செல்போனில் படம் எடுத்தது. கிரகணத்தின் சக்தி உலக்கையைப் பிடித்து நிறுத்துகிறது என்று. மறுநாள் காலை நான் போய் அதே உலக்கையை, அதே தாம்பாளத்தில், மூன்றாவது முயற்சியில் நிறுத்தினேன். அடியில் பூண் போட்ட கனமான மரம். சமதரையில் நிதானமாக வைத்தால் எந்த நாளும் நிற்கும். அத்தை கொஞ்சமும் அசரவில்லை. "நேத்து சக்தி இன்னும் மிச்சம் இருக்கும்பா." பொங்கலன்று மறுபடி போய் நிறுத்தினேன். "நீ கணக்கெழுதுன கை. அதான் நிக்குது." ஆனால் அந்தத் தெருவில் அன்று உலக்கையைப் பார்த்துக்கொண்டு நின்ற இரண்டு பையன்கள் தாங்களும் நிறுத்திப் பார்த்தார்கள். அவர்களுக்கும் நின்றது.

இந்த உலக்கைக்கு லண்டனில் ஓர் அண்ணன் உண்டு. 1853-இல் அங்கே ஆவி மேஜைப் பைத்தியம் பிடித்திருந்தது. நான்கைந்து பேர் மேஜைமேல் கை வைத்து உட்காருவார்கள். ஆவி வந்து மேஜையை நகர்த்தும். படித்தவர்கள், பிரபுக்கள் எல்லாரும் நம்பினார்கள். மைக்கேல் ஃபாரடே அவர்களைத் திட்டவில்லை. கைகளுக்கும் மேஜைக்கும் நடுவே சில அட்டைகளை இளகிய பசையால் ஒட்டி வைத்தார். மேஜை முதலில் நகர்ந்தால் அடி அட்டை முன்னால் போக வேண்டும். மேல் அட்டைதான் முன்னால் போயிருந்தது. தள்ளியது கை, ஆவி இல்லை. தள்ளுகிறோம் என்பது தள்ளியவர்களுக்கே தெரியாது என்பதையும் அவர் காட்டினார். கை அசைந்தால் ஆடும் ஒரு முள்ளை அவர்கள் கண்ணெதிரே வைத்ததும் மேஜை நின்றுவிட்டது.

ஃபாரடேயும் ஒருகாலத்தில் கேட்கும் வரிசையில் இருந்தவர்தான். கொல்லன் மகன், புத்தகம் பைண்டு பண்ணும் கடையில் தொழில் பழகிக்கொண்டிருந்தவன். 1812-இல் ஒரு வாடிக்கையாளர் கொடுத்த சீட்டில் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஹம்ப்ரி டேவியின் நான்கு உரைகளைக் கேட்டான். கேட்டதை முழுவதும் எழுதி, படம் போட்டு, தன் கையாலேயே பைண்டு பண்ணி டேவிக்கே அனுப்பினான். அடுத்த வருடம் அங்கே வேலை கிடைத்தது. அவர் பிற்காலத்தில் அதே மன்றத்தில் பிள்ளைகளுக்காகச் சொன்ன மெழுகுவத்திப் பாடத்தை இன்றும் செய்து பார்க்கலாம். மெழுகுவத்தியை ஊதி அணையுங்கள். எழும் வெள்ளைப் புகையின் நுனியில், திரியிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி, தீக்குச்சியைக் காட்டுங்கள். சுடர் புகை வழியே ஓடி இறங்கித் திரியில் உட்காரும். எரிவது திரி இல்லை, ஆவியான மெழுகு என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். மின்வெட்டு நேரத்தில் செய்து பாருங்கள்.

போன மாசியில் அறிவியல் இயக்கத் தோழர்கள் சிலர் எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் தொலைநோக்கி வைத்து வானம் காட்டினார்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980-இல் தொடங்கியது. மைக்கும் மேடையும் இல்லாத இந்த மாதிரி இரவுகள்தான் அதன் பலம் என்பது என் எண்ணம். வியாழனும் அதன் நிலாக்களும் பார்த்து முடிந்து, சுண்டல் கொடுக்கும்போது ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள். "சார், நிலா வெளிச்சமும் சூரிய வெளிச்சம்தான்னு சொன்னீங்க. அப்ப ராத்திரி வானம் ஏன் நீலமா இல்ல?" வானம் காட்டிக்கொண்டிருந்த இளைஞர் தலையைச் சொறிந்தார். நிலாவைப் பார்த்தார். "தெரியலம்மா. பாத்துட்டு வந்து சொல்றேன்." அங்கிருந்த பிள்ளைகளுக்கு அது புதுசு. சார்கள் தெரியாது என்று சொல்வதை அவர்கள் கேட்டதில்லை.

மறுவாரம் அவர் உண்மையிலேயே பதிலோடு வந்தார். நிலா வெளிச்சத்திலும் வானம் நீலமாகத்தான் இருக்கிறது. கேமராவின் கண்ணை வெகுநேரம் திறந்து வைத்தால் படத்தில் நீலம் விழும். நம் கண்ணுக்கு அவ்வளவு மங்கலான ஒளியில் நிறம் பிரித்தறிய முடிவதில்லை. அவர் இன்னொன்றும் சொன்னார். 1968 டிசம்பரில், எண்பது வயதைத் தாண்டிய சர் சி.வி. ராமன் அகமதாபாத்தில் மாணவர்களிடம் வானம் ஏன் நீலம் என்று ஒரு பேச்சு பேசியிருக்கிறார். நோபல் பரிசு வாங்கிய மனிதர், அந்தப் பேச்சில் நிலவிரவு வானத்தைப் பற்றியும் யோசித்திருக்கிறார். ஏழாம் வகுப்புப் பெண்ணும் திருவானைக்காவல் ராமனும் ஒரே கேள்வியில் சந்தித்துக்கொண்டார்கள். அந்தப் பெண் அதைக் கேட்டுப் பெரிதாக மகிழ்ந்ததாகத் தெரியவில்லை. "அப்ப நட்சத்திரம் மட்டும் எப்படி கலர்ல தெரியுது?" என்றாள்.

பெ.நா. அப்புஸ்வாமி தொழிலால் வழக்கறிஞர். அறுபது ஆண்டுகளுக்கு மேல் தமிழில் அறிவியல் எழுதினார். கோர்ட்டில் குறுக்கு விசாரணை இல்லாத சாட்சிக்கு எவ்வளவு மதிப்பு என்று அவரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நம் கூட்டங்களில் சாட்சி கூண்டில் ஏறுகிறார், அழகாகப் பேசுகிறார், பொன்னாடை போர்த்தி இறக்கிவிடுகிறோம். தடுப்பூசியா, மரபணு மாற்றிய கத்தரிக்காயா, அணு உலையா, செயற்கை நுண்ணறிவா, எதைப் பற்றிய கூட்டமானாலும் இதே கதைதான். இவையெல்லாம் நம் உடம்பையும் வயலையும் பிள்ளைகளின் வேலையையும் தொடும் விஷயங்கள். நாற்பது நிமிடம் கேட்டுவிட்டுக் கைதட்டி எழுந்து வர இது கச்சேரி இல்லை. கச்சேரியில்கூடத் துண்டுச் சீட்டு கொடுத்துப் பாட்டு கேட்க வழி இருக்கிறது.

ஆகவே கூட்டம் போடும் வாசகர் வட்டங்களுக்கும் கல்லூரிகளுக்கும் சங்கங்களுக்கும் ஒரு விண்ணப்பம். வாழ்த்துரைகளைக் குறையுங்கள். தலைமையுரைக்கு ஐந்து நிமிடம் போதும். பேச்சு நாற்பது நிமிடம் என்றால் கேள்விக்கு முப்பது நிமிடம் என்று அழைப்பிதழிலேயே அச்சிடுங்கள். பேச வருபவரின் பஸ் நேரத்தை முன்பே கேட்டு வையுங்கள். எழுந்து கேட்கக் கூச்சப்படுபவர்களுக்குச் சீட்டும் பென்சிலும் கொடுங்கள். பதில் தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்று சொல்லும்படி பேச்சாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பதிலை அடுத்த கூட்டத்தில் படியுங்கள். முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிரமுகரிடம் மைக்கைக் கொடுத்தால் அவர் இன்னொரு வாழ்த்துரை நிகழ்த்துவார். நேராகக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோங்கள்.

அன்று படியிறங்கும்போது இட்லிக் கடைக்காரரும் என்னிடம் சொன்னார், அவருக்கும் ஒரு கேள்வி இருந்ததாம். "உள்ள போன சாமானெல்லாம் எங்க சார் போய்ச் சேரும்?" அவர் இன்னும் அதே கடையில்தான் இருக்கிறார். கேள்வியும் அப்படியே இருக்கிறது.